நாற்பது இரவுகள்

ஆம்பூருக்கு நான் போனது தோல் தொழிலைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான். அப்போது எழுதிக்கொண்டிருந்த நாவலில் தோல் மண்டிக் கணக்குப்பிள்ளை ஒருவர் வருகிறார். அவர் நடமாடும் தெருவைக் கண்ணால் பார்க்காமல் எழுதினால் மனிதரே பொய்யாகிவிடுவார் என்று எனக்கு ஒரு பயம். தோழி ஒருத்தியின் உறவுக்காரர் வீட்டில் நான்கு நாட்கள் தங்க இடம் கிடைத்தது. ரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் கம்பி அதிரும் சின்ன வீடு.

தோலைப் பற்றி நான் ஒரு நோட்டுப் புத்தகம் நிறையக் குறிப்பெடுத்தது உண்மை. ஆனால் திரும்பி வந்தபோது என் மனத்தில் நின்றது தோல் அல்ல. அந்த வீட்டுப் பெண் கேட்ட ஒரு கேள்வி.

அவளுக்கு இருபத்தாறு வயதிருக்கும். இரண்டாவது குழந்தை பிறந்து பதினெட்டு நாட்கள் ஆகியிருந்தன. முதல் இரவு நான் கூடத்தில் படுத்திருந்தேன். பத்து மணிக்குக் குழந்தை அழுதது. பதினொன்றரைக்கு மறுபடி. ஒரு மணிக்கு, இரண்டேகாலுக்கு, நான்குக்கு. ஒவ்வொரு தடவையும் விளக்கு எரியும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்த அவள் நிழல் என் பக்கத்துச் சுவரில் விழும். தலை சரியும், திடுக்கிட்டு நிமிரும், மறுபடி சரியும். விடியற்காலை நான் எழுந்தபோது அவள் அடுப்படியில் பெரிய பையனுக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"ராத்திரி தூங்கவே இல்லையே நீ" என்றேன்.

"தூக்கம் கெடக்கட்டும்க்கா. பாலு பத்தலையோன்னு பயமா இருக்கு. ஒன்றரை மணிக்கு ஒருவாட்டி அழுவுறான். பத்துனா இப்படி அழுவுமா?" என்று சொல்லிவிட்டு, அலமாரியைக் கண்ணால் காட்டினாள். பால் பவுடர் டப்பா ஒன்று இன்னும் திறக்கப்படாமல் இருந்தது. யாரோ வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே, ஒரு மூலையில், சணல் கயிறு கட்டிய பெரிய மூட்டை. ஷூவின் மேல்பாகங்கள். கம்பெனியில் வெட்டி அனுப்புவார்கள். ஏஜெண்டு வீடு வீடாகக் கொடுத்துவிட்டுப் போவான். பெண்கள் கையால் தைத்து ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவார்கள். பிரசவத்துக்கு முன் வாங்கிய மூட்டை அது. இருபதாம் நாள் வந்து பார்ப்பதாக ஏஜெண்டு சொல்லியிருந்தான்.

பிறகு அவள் கேட்டாள்: "அந்தக் காலத்துல பத்துப் புள்ள பெத்தாங்களே, அவங்கெல்லாம் எப்படிக்கா சமாளிச்சாங்க?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. சரித்திரத்தில் அரசர்கள் எத்தனை யானை வைத்திருந்தார்கள் என்று கேட்டால் பதில் கிடைக்கும். ஒரு பச்சை உடம்புக்காரி இரவு இரண்டு மணிக்கு யாரைக் கூப்பிட்டாள் என்பதை எந்தக் கல்வெட்டும் சொல்வதில்லை. இருந்தாலும் அந்த வட்டாரத்திலேயே பதில் சிதறிக் கிடந்தது. அதைப் பொறுக்கிச் சேர்த்ததுதான் இந்தக் கட்டுரை.

முதல் துணுக்கைக் கொடுத்தவர் பக்கத்து வீட்டு நானிம்மா. எழுபது வயதைத் தாண்டியவர். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களில் தலைமுறை தலைமுறையாகத் தோல் வியாபாரம் செய்துவந்த முஸ்லிம் குடும்பங்கள் பல உண்டு. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் இங்கிருந்து சென்னைக்குப் போய், கப்பலேறி லண்டன் சந்தைக்குப் போன காலத்திலிருந்து வந்த குடும்பங்கள். நானிம்மாவின் கணவரும் தோல் மண்டியில் வேலை பார்த்தவர்தானாம்.

"எங்களுக்கு நாற்பது நாள் கணக்கும்மா. அந்த நாற்பது நாளும் புள்ள பெத்தவ தொழ வேண்டாம், நோன்பு வைக்க வேண்டாம். அல்லாவே லீவு குடுத்துட்டான், மாமியாரு குடுக்காம இருக்க முடியுமா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு இன்னொன்றும் சொன்னார். பால் கொடுப்பதைப் பற்றிக் குர்ஆனில் இருக்கிறதாம். தாய் முழுசாக இரண்டு வருஷம் பால் கொடுக்கலாம். அவளுக்குச் சோறும் துணியும் கொடுப்பது குழந்தையின் தகப்பன் கடமை. பால் தாயுடையதானாலும் பாரம் அவள் ஒருத்தியுடையது அல்ல என்று ஏழாம் நூற்றாண்டிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. நான் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நம் வீடுகளிலும் வழக்கத்துக்குக் குறைவில்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு. தீட்டு என்று பெயர் சொல்லித் தனி அறை. பூண்டும் மிளகும் சுக்கும் சேர்த்த பத்தியச் சாப்பாடு. குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட ஒரு கிழவி. தீட்டு என்ற சொல்லை நாம் இன்று வெறுக்கிறோம், வெறுக்க வேண்டியதுதான். ஆனால் அந்தச் சொல் ஒரு காரியம் செய்தது. அடுப்பங்கரைக்குள் வராதே என்று தள்ளிவைத்த அதே கை, அவளை அடுப்பிலிருந்து விடுவித்தது. குழந்தை எத்தனை முறை அழுதாலும் அவளுக்கு அந்த ஒரு வேலைதான்.

இதைச் சொல்லிப் பழங்காலத்தைப் பொற்காலமாக்க எனக்கு எண்ணமில்லை. சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டியது அந்தக் காலம்தான். சர்க்கரைத் தண்ணீரும் கழுதைப் பாலும் புகட்டியதும், தாகத்தில் தவித்த தாய்க்குத் தண்ணீரைக் குறைத்ததும் அந்தக் காலம்தான். காற்று நுழையாத அறையில் ஜன்னி கண்டு செத்தவர்களுக்குக் கணக்கில்லை. அதோடு, தாய்வீடும் தனி அறையும் யாருக்கு இருந்தன? நாற்றுக்கும் களைக்கும் போன கூலிக்காரிகள் பிள்ளை பெற்ற சில நாட்களிலேயே வேலைக்குத் திரும்பினார்கள். வேப்பமரத்தில் கட்டிய தூளிதான் அவர்களுடைய தாய்வீடு.

அந்த இருட்டறைக் கதவைத் தட்டியவர் ஒருவர் இந்த வட்டாரத்திலேயே பிறந்தார். தோலுக்குப் பெயர்போன ராணிப்பேட்டையில் 1870-ம் ஆண்டு டிசம்பர் 9-ம் தேதி பிறந்த ஐடா ஸ்கடர், தாத்தா காலத்திலிருந்து மிஷன் வைத்தியம் பார்த்த அமெரிக்கக் குடும்பத்துப் பெண். தான் மட்டும் இந்தியாவில் இருக்கப்போவதில்லை என்று உறுதியாக இருந்தவர். 1890-களில், நோயுற்ற தாயைப் பார்க்கத் திண்டிவனம் வந்திருந்தபோது, ஒரே இரவில் மூன்று பேர் ஒருவர்பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மூன்றாமவரும் மேல்சாதி இந்து. மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். ஐடாவின் தகப்பனார் டாக்டர். வரத் தயார் என்றார். ஆண் டாக்டர் வேண்டாம், அம்மா நீங்கள் வாருங்கள் என்றார்கள். தனக்கு ஒன்றும் தெரியாதே என்று அந்தப் பெண் கைவிரித்தாள். மறுநாள் மூன்று பெண்களும் செத்துப்போன செய்தி வந்தது.

இந்தக் கதை வேலூரில் பலருக்கும் தெரியும். ஐடா அமெரிக்கா திரும்பி, கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899-ல் டாக்டர் பட்டம் பெற்று, 1900-ல் வேலூருக்கு வந்தார். 1902-ல் மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி எழுந்தது. 1909-ல் நர்ஸ் பள்ளி, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்றைக்கு உலகறிந்த கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் வேர் அதுதான். 1960-ல் ஐடா காலமானபோது வயது எண்பத்தொன்பது. அவர் வேலையில் எனக்குப் பெரிதாகப் படுவது கட்டிடங்கள் அல்ல. இந்த ஊர்ப் பெண்களையே டாக்டராகவும் நர்ஸாகவும் ஆக்கிப் பிரசவ அறைக்குள் அனுப்பினாரே, அதுதான்.

சாவு குறைந்தது. ஆனால் ஆஸ்பத்திரி என்னும் புது ஏற்பாட்டோடு உலகெங்கும் பிரசவ அறைக்குள் இன்னொன்றும் நுழைந்தது. அதுதான் கடிகாரம்.

கடிகாரத்தின் கதை நியூஸிலாந்தில் ஆரம்பமாகிறது. டாக்டர் ட்ரூபி கிங் என்பவர் அங்கே ஸீக்ளிஃப் என்ற இடத்தில் மனநோய் ஆஸ்பத்திரிக்குத் தலைவர். ஆஸ்பத்திரிப் பண்ணையில் கன்றுக்குட்டிகளுக்கு அளந்து, நேரம் பார்த்துப் பால் கொடுத்தால் நன்றாக வளர்வதைக் கண்டார். 1907-ல் குழந்தை நலனுக்காக ஒரு சங்கம் கண்டார். தாய்ப்பாலே சிறந்தது என்று அவர் ஓயாமல் சொன்னார். அதற்காக அவரை வணங்கலாம். ஆனால் நான்கு மணிக்கு ஒரு தடவைதான் கொடுக்க வேண்டும், இரவில் கூடவே கூடாது, அழுதால் அழட்டும் என்றும் சொன்னார். அவருடைய புத்தகங்கள் ஆங்கிலம் பேசிய நாடுகளெங்கும் பரவின. நர்ஸ்கள் அதைப் படித்தார்கள்; படித்த குடும்பத்துத் தாய்மார்களும் படித்தார்கள். குழந்தையைத் தனி அறையில் வைத்து, மணியடித்ததும் கொண்டுவந்து கொடுக்கும் பழக்கம் பல ஆஸ்பத்திரிகளில் வந்தது.

கடிகாரத்தின் வாலைப் பிடித்தவள் நானும்தான். என் மூத்த பெண் பிறந்தபோது, வேறோர் ஊர் நர்ஸிங் ஹோமில், மூன்று மணிக்கு ஒருமுறை, பக்கத்துக்குப் பத்து நிமிஷம் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். நான் படித்தவள் அல்லவா? தலைமாட்டில் அலாரம் வைத்துக்கொண்டேன். இரண்டாவது மணியில் குழந்தை வீறிட்டால், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மடியில் போட்டு ஆட்டுவேன். என் மார்பு நனையும், அவள் அழுவாள், நானும் அழுவேன். ஆறாம் நாள் பால் பத்தவில்லை என்று புட்டி வந்தது. புட்டி வந்தபின் அவள் குறைவாகச் சப்பினாள். சப்பாததால் பால் குறைந்தது. குறைந்ததால் புட்டி பெருத்தது. மூன்றாம் மாதத்தில் எனக்குப் பாலே இல்லை. குற்றம் என் உடம்பினுடையது என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

உடம்பின் கணக்கு வேறு. பிறந்த குழந்தையின் வயிறு மிகச் சிறியது. தாய்ப்பாலும் சீக்கிரம் ஜீரணமாகிவிடும். முதல் வாரங்களில் ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை கேட்பது வியாதி அல்ல, இயற்கை. சாயங்காலத்தில் அடுத்தடுத்துக் கேட்கும் குழந்தைகளும் உண்டு. மூன்றாம் வாரத்திலும் ஆறாம் வாரத்திலும் சில நாட்கள் பசி மிஞ்சும். குடிக்கக் குடிக்கத்தான் சுரக்கும்; மார்பு காலியானால்தான் இன்னும் வேண்டும் என்று உடம்புக்குத் தெரியும். பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் என்ற சுரப்பு இரவில் அதிகம். ஆகவே அந்த இரண்டு மணி அழுகை, மறுநாளைக்கு வேண்டிய பாலைக் குழந்தை முன்கூட்டியே எழுதி வைக்கும் சீட்டு. அதை அலாரம் வைத்துத் தடுத்தால் கடைக்காரன் சரக்கைக் குறைத்துக்கொள்வான்.

ஏழைகளுக்குப் பால் ஊறாது என்பதும் ஒரு மூடநம்பிக்கையே. 1950-களில் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சிச் சாலையில் டாக்டர் சி. கோபாலன் ஏழைத் தாய்மாரின் பாலை அளந்து ஆராய்ந்தார். அரைவயிற்றுச் சாப்பாட்டிலும் அவர்கள் மாதக்கணக்கில் போதுமான பால் கொடுத்து வந்ததைக் கண்டார். இதில் மகிழ்ச்சிக்கு இடம் உண்டு, துக்கத்துக்கும் உண்டு. உணவு குறைந்தால் அந்தப் பால் எங்கிருந்து வருகிறது? தாயின் உடம்பிலிருந்து. குழந்தைக்குக் குறையாத பால், தாய்க்குக் குறைந்த ரத்தம்.

உலகம் மெள்ளத்தான் திருந்தியது. 1939-ல் சிங்கப்பூரில் டாக்டர் ஸிஸிலி வில்லியம்ஸ், டப்பாப் பாலை விளம்பரம் செய்து தாய்ப்பாலை நிறுத்தவைப்பது கொலைக்குச் சமம் என்று மேடையேறிப் பேசினார். ஐம்பது வருஷம் கழித்து, 1989-ல், குழந்தையைத் தாயின் அருகிலேயே வைக்க வேண்டும், கேட்கும்போதெல்லாம் பால் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனமும் யூனிசெஃபும் பிரசவ ஆஸ்பத்திரிகளுக்கு விதிகள் எழுதின. 1992-ல் இந்தியாவில் டப்பாப் பால் விளம்பரங்களைத் தடுக்கச் சட்டம் வந்தது. நானிம்மாவின் பாட்டி கடிகாரம் இல்லாததால் செய்ததை, டாக்டர்கள் நூறு வருஷம் சுற்றி வந்து சொன்னார்கள்.

ஆனால் ஒன்றை மறந்துவிட்டார்கள். கேட்கும்போதெல்லாம் கொடு என்று தாயிடம் சொன்னார்கள். அப்போது மற்ற வேலையை யார் செய்வது என்று யாரிடமும் சொல்லவில்லை.

அதைச் சொல்ல முயன்றது சட்டம். 1919-ல் வாஷிங்டனில் கூடிய முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, பால் கொடுக்கும் தொழிலாளிக்கு நாளுக்கு இரண்டு அரைமணி இடைவேளை வேண்டும் என்று எழுதிவைத்தது. 1928-ல் பம்பாய் சட்டசபையில் மகப்பேறு மசோதாவை ஆதரித்துப் பேசிய டாக்டர் அம்பேத்கர், தாய்க்கு ஓய்வு கொடுப்பது தேசத்தின் நன்மைக்கே, அதன் செலவில் பெரும்பங்கு அரசாங்கத்தைச் சேர வேண்டும் என்றார். பம்பாய்ச் சட்டம் 1929-ல் வந்தது. சென்னை மாகாணத்துக்கு 1934-ம் ஆண்டுச் சட்டம். 1948-ம் ஆண்டு ஃபாக்டரிச் சட்டம் ஐம்பது பெண்களுக்கு மேல் இருந்தால் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது; 1976-ல் அந்த எண்ணிக்கை முப்பதாயிற்று. 1961-ம் ஆண்டு மகப்பேறு சட்டம் பன்னிரண்டு வாரச் சம்பளமும், குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பால் கொடுக்க இரண்டு இடைவேளைகளும் கொடுத்தது. 2017-ல் முதல் இரண்டு குழந்தைகளுக்கு அது இருபத்தாறு வாரமாயிற்று.

இந்தச் சட்டங்கள் தோல் ஊர்களுக்கு முக்கியமானது எழுபதுகளுக்குப் பிறகு. 1973-ஐ ஒட்டி, அரைகுறையாய்ப் பதனிட்ட தோலை வெளிநாட்டுக்கு அனுப்புவதை மத்திய அரசு கட்டுப்படுத்தியது. தோலை இங்கேயே முழுதும் பதனிட்டு, ஷூவாகவும் ஷூவின் மேல்பாகமாகவும் செய்து அனுப்ப வேண்டிய நிலைமை. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஷூ கம்பெனிகள் எழுந்தன. தையல் மெஷினுக்கு முன் பெண்கள் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். காலையில் சுற்றுக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் அந்தக் கூட்டத்தை ஆம்பூரில் யாரும் பார்க்கலாம். கேட்டுக்குள் நுழைந்தவளுக்குச் சட்டம் உண்டு, ஈ.எஸ்.ஐ. உண்டு.

நான் தங்கிய வீட்டுப் பெண் கேட்டுக்குள் நுழைந்தவள் அல்ல. கேட்டிலிருந்து வெளியே வந்த மூட்டையைத் தைப்பவள். அவள் பெயர் எந்த மஸ்டர் ரோலிலும் இல்லை. வாஷிங்டனில் எழுதியது, பம்பாயில் பேசியது, தில்லியில் நிறைவேறியது எல்லாம் அந்தச் சணல் கயிற்றுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் தமிழ்நாடு அரசு கொடுக்கும் மகப்பேறு உதவி அவளுக்கு உண்டு. 2018-ல் அது 18,000 ரூபாயாக உயர்ந்தது. நல்ல காரியம்தான். ஆனால் பணம் இரவு இரண்டு மணிக்கு எழுந்து குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டாதே.

இப்போது அவள் கேள்விக்கு வருகிறேன். அந்தக் காலத்துப் பெண்கள் எப்படிச் சமாளித்தார்கள்? சமாளித்தவர்கள் தனியாகச் சமாளிக்கவில்லை. தனியாக விடப்பட்டவர்கள் சமாளிக்கவில்லை. அவர்களில் பலர் கதை சொல்ல மிஞ்சவில்லை. இதுதான் நான் பொறுக்கிச் சேர்த்த சரித்திரம் முழுவதும்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவளிடம் இதை வேறு வார்த்தையில் சொன்னேன். நாளைக்குப் பத்துத் தடவை, தடவைக்கு அரைமணி என்றால் ஐந்து மணி நேரம்; அது ஒரு வேலை; அதற்குமேல் மூட்டையும் தைக்க முடியாது என்றேன். குழந்தை நாளுக்கு ஆறு துணியாவது நனைக்கிறதா என்று கேட்டேன்.

"ஆறா? துவைச்சுப் போட எடமில்லக்கா!" என்றாள்.

"அப்படின்னா பால் பத்துது. துணி சொல்றதை நம்பு. எடை ஏறுதான்னு நர்ஸம்மாகிட்ட ஒருவாட்டி காட்டிட்டா பயமும் போயிடும்" என்றேன். மார்பு கட்டிச் சிவந்து காய்ச்சல் வந்தாலோ, காரணமில்லாமல் நாள் முழுக்க அழுகை வந்தாலோ ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், வெட்கப்படக் கூடாது என்றும் சொன்னேன்.

அவள் புருஷன் ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை செய்பவன். அதிகம் பேசாதவன். வாசற்படியில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானிம்மாதான் அவனைப் பார்த்து, "கேட்டியாடா? சோறும் துணியும் மட்டும் இல்ல, தூக்கமும் நீதான் குடுக்கணும்" என்றார். அவன் தலையைச் சொறிந்தான்.

மறுநாள் காலை ஏஜெண்டு வந்தான். அவன் கேட்பதற்கு முன்பே மூட்டை வாசலில் இருந்தது. தைத்த ஜோடிகள் ஒரு பக்கம், தைக்காதவை ஒரு பக்கம். "இன்னும் ஒரு மாசம் வேணாம்ணே" என்றான் புருஷன். அப்போ அடுத்த ஆளுக்குப் போயிடும், அப்புறம் என்னைக் கேக்காதே என்றான் ஏஜெண்டு. சரி என்றான் இவன். அந்த ஒரு சொல்லின் விலை அந்த வீட்டுக்கு ஒரு மாத மளிகையாவது இருக்கும். விலை யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். கதவிடுக்கில் நின்றபடி மூட்டை போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று இரவு, என் கடைசி இரவு, இரண்டு மணிக்குக் குழந்தை அழுதது. அவள் படுத்தபடியே ஒருக்களித்துப் பால் கொடுத்தாள். முடிந்ததும் அவன் எழுந்து வாங்கிக்கொண்டான். கூடத்துக்கு வந்தவன் என்னைப் பார்த்து, "நீங்க தூங்கலியா?" என்று கூச்சத்தோடு கேட்டான். ஆறு மணிக்கு அவனுக்கு ஷிப்ட். "கொண்டா இப்படி" என்று குழந்தையை நான் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன். பிள்ளை ஏப்பம் விட்டது. உள்ளே, அந்த நான்கு நாட்களில் நான் கேட்டிராத சத்தம் ஒன்று வந்தது. அவள் குறட்டை.

ரயில் ஒன்று போயிற்று. ஜன்னல் அதிர்ந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.